சரக்கின் மேல் விழும் பழி



இந்த அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் வாழ்நாள் முழுவதும் ஜவுளி வியாபாரம் செய்தவர். அவர் பெயரால் நடக்கும் சொற்பொழிவில் வியாபாரிகளின் வாழ்வைத் தொடுகிற ஒரு சட்டப் பொருளைப் பேசுவதே முறை என்று எனக்குத் தோன்றியது. ஒரு கடையைப் பற்றியோ அதன் சரக்கைப் பற்றியோ பொய் பரப்பி அதன் வியாபாரத்தைக் கெடுத்தால், பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் என்ன கேட்கலாம்? எதை நிரூபிக்க வேண்டும்? எந்த இடத்தில் அவர் கேட்பதை நீதிமன்றம் மறுக்க வேண்டும்?

பேச்சுவழக்கில் இவை எல்லாவற்றையும் 'மானநஷ்ட வழக்கு' என்றே சொல்லிவிடுகிறோம். உரிமையியல் அவதூறுக்கென்று இந்தியாவில் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் கோட்பாடுகளையே நம் நீதிமன்றங்கள் பின்பற்றி வருகின்றன. அந்தப் பொதுச்சட்டம் இரண்டு தீங்குகளைத் தெளிவாகப் பிரித்துப் பார்த்தது. 'இன்னார் கலப்படம் செய்கிறார்' என்று எழுதினால் அது மனிதர் மேல் விழும் பழி. 'இன்னார் விற்கிற எண்ணெய் மட்டமானது' என்று எழுதினால் அது சரக்கின் மேல் விழும் பழி. முதல் வகையில் வாதியின் வேலை சுலபம். எழுதியது பொய் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் தலையில் விழும். எழுத்தில் வந்த பழியானால் நஷ்டக் கணக்குக்கூடக் காட்ட வேண்டியதில்லை. இரண்டாவது வகையில் பொறுப்பு அப்படியே இடம் மாறுகிறது. சொன்னது பொய், தீய எண்ணத்தோடு சொன்னது, அதனால் பண நஷ்டம் வந்தது என்ற மூன்றையும் வாதியே நிரூபித்தாக வேண்டும்.

இந்த மூன்று நிபந்தனைகளும் வியாபாரிக்குப் பெரிய பாரம் என்பதுதான் பொதுவான கருத்து. என் கட்சி வேறு. காசு கொடுத்து வாங்குகிறவர் வாய் திறந்து குறை சொல்ல இடம் கொடுப்பதே இந்த மூன்று நிபந்தனைகள்தான். பெரிய நிறுவனங்கள் இவற்றிலிருந்து தப்பிப்பதற்காகத்தான் முதல் வகை வழக்கைக் கையில் எடுக்கின்றன. உண்மையிலேயே ஒரு பொய்யால் கடையை மூட நேர்கிற சிறு வியாபாரிக்கோ இரண்டு வகையுமே காலத்தில் கைகொடுப்பதில்லை. இதை விளக்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இந்தச் சட்டத்தின் வேர் வேல்ஸ் நாட்டின் ஃபிளிண்ட்ஷயர் பகுதியில் இருக்கிறது. அங்கே ராட்கிளிஃப் என்பவர் இயந்திர வேலையும் கொதிகலன் செய்யும் தொழிலும் நடத்திவந்தார். அப்பா காலத்துப் பட்டறை, 'ராட்கிளிஃப் அண்ட் சன்ஸ்' என்று அப்பா காலத்துப் பெயர். உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்று, அந்தப் பட்டறை தொழிலை நிறுத்திவிட்டது, அப்படி ஒரு நிறுவனமே இப்போது இல்லை என்று பொருள்படும்படி எழுதிவிட்டது. இந்தச் செய்தியைச் சற்று நின்று கவனியுங்கள். இதில் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. வேலை மோசம் என்றும் சொல்லவில்லை. தொழிலை விட்டுவிட்டார் என்பதில் ஒருவருக்கு என்ன அவமானம்? ஜூரர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்: இது அவருடைய குணத்தின் மேல் சொன்ன பழி ஆகாது, அதனால் அவதூறு இல்லை. ஆனால் செய்தி பொய், நல்லெண்ணத்தோடு வெளியிட்டதும் இல்லை என்று தீர்மானித்து 120 பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள்.

பத்திரிகைத் தரப்பு மேல்முறையீட்டில் வைத்த வாதம் பலமானது. இந்த வகை வழக்கில் நஷ்டத்தைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். எந்த வாடிக்கையாளர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு வராமல் போனார்? ஒருவர் பெயரையாவது சொல்ல முடியுமா? ராட்கிளிஃபால் சொல்ல முடியவில்லை. வியாபாரம் பொதுவாக இறங்கிவிட்டது என்பதற்கு மட்டுமே அவரிடம் சான்று இருந்தது. 1892-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி போவன் சொன்ன பதில் இன்றைக்கும் ஒவ்வொரு சட்ட மாணவரும் படிக்க வேண்டியது. ஊர் முழுக்கப் போகிற பத்திரிகையில் பொய்யைப் போட்டால், யார் யார் வராமல் போனார்கள் என்று எந்த வியாபாரியாலும் கணக்குச் சொல்ல முடியாது. வராதவர் வந்து 'நான் வரவில்லை' என்று சொல்லப்போவதில்லை. அதனால் அந்தப் பொய் எந்த வகையில் பரவியதோ அந்த வகைக்கு ஏற்ற சான்று போதும், பொதுவான வியாபாரச் சரிவைக் காட்டினால் போதும் என்றார் அவர். வழக்கு ராட்கிளிஃப் பக்கமே நின்றது. பொய், தீய எண்ணம், நஷ்டம் என்ற மூன்றையும் தளர்த்தாமல், நஷ்டத்தைக் காட்டும் வழியை மட்டும் மனிதரால் முடிகிற ஒன்றாக்கிய தீர்ப்பு அது.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பிரபுக்கள் சபைக்கு இன்னொரு வழக்கு வந்தது. மெல்லின் என்பவருடைய குழந்தை உணவை ஒயிட் என்ற கடைக்காரர் வாங்கி விற்றார். விற்கும்போது அந்தப் புட்டியின் மேலேயே ஒரு சீட்டை ஒட்டினார். வான்ஸ் என்ற பெயரில் வரும் குழந்தை உணவுதான் இதுவரை வந்த எல்லாவற்றையும்விடச் சத்தானது, ஆரோக்கியமானது என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த வான்ஸ் உணவு ஒயிட்டுக்கே சொந்தம். மெல்லினுக்கு எப்படி எரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் 1895-இல் பிரபுக்கள் சபை அவர் வழக்கைத் தள்ளியது. 'என் சரக்கு அவர் சரக்கைவிட மேல்' என்று சொல்வதற்கெல்லாம் வழக்குப் போட விட்டால், எந்தக் குழந்தை உணவு சிறந்தது என்று நீதிபதிகள் தீர்ப்புச் சொல்ல வேண்டிவரும், நீதிமன்றமே விளம்பரம் செய்யும் இடமாகிவிடும் என்பது லார்ட் ஹெர்ஷலின் கவலை. 1975-இல் டி பியர்ஸ் வழக்கில் இந்தக் கோடு இன்னும் தெளிவானது. ஜெனரல் எலெக்ட்ரிக் குழும நிறுவனம் தன்னுடைய செயற்கை வைரத் துகளையும் டி பியர்ஸின் துகளையும் சோதித்துப் பார்த்ததாக ஆய்வறிக்கைபோல ஒன்றை வெளியிட்டது. வெறும் பெருமையடிப்பு வேறு, சோதித்துக் கண்டதாகச் சொல்லும் திட்டவட்டமான கூற்று வேறு, கேட்கிற சாதாரண மனிதர் அதை மெய்யாக எடுத்துக்கொள்வாரா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம்.

நம் விளம்பர வழக்குகள் எல்லாம் இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கின்றன. 'என் சரக்குதான் உலகிலேயே சிறந்தது' என்று பொய்யாகவே சொன்னாலும் சொல்லலாம், அடுத்தவர் சரக்கு கெட்டது என்று மட்டும் சொல்லக் கூடாது என்று கல்கத்தாவிலும் டெல்லியிலும் தீர்ப்புகள் வந்தன. இதில் வாங்குகிறவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்வியை எழுப்பியது நம் சென்னை உயர் நீதிமன்றம். 2008-இல் கோல்கேட்டும் ஆங்கரும் மோதிய பற்பசை வழக்கில் நீதிபதி வெ. ராமசுப்பிரமணியன், தன் சரக்கைப் பற்றிப் பொய் சொல்லும் உரிமையை வியாபாரிக்குக் கொடுத்தால் அது நுகர்வோரின் உரிமையைப் பறிப்பதாகும் என்று எழுதினார். இந்தத் துறையில் நம் மாநிலத்திலிருந்து வந்த மிக முக்கியமான சிந்தனையாக இதைக் கருதுகிறேன். இரண்டு கம்பெனிகளின் சண்டையில் மூன்றாவதாக நிற்கிற ஒருவரை அது கூண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

இனி முதல் வகைக்கு வருகிறேன். கம்பெனிக்கு மனம் இல்லை, கண்ணீர் இல்லை, தெருவில் தலைகுனிந்து நடக்கவேண்டிய நிலையும் இல்லை. அதற்கு மனிதருக்குரிய மானநஷ்ட வழக்கு எதற்கு? 1894-இல் சவுத் ஹெட்டன் நிலக்கரிக் கம்பெனி வழக்கில் இந்தக் கேள்விக்கு ஆங்கில நீதிமன்றம் கம்பெனிக்குச் சாதகமாகப் பதில் சொல்லிவிட்டது. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுத்த வீடுகள் சுகாதாரக் கேடாக இருக்கின்றன என்று எழுதிய பத்திரிகைமீது கம்பெனி வழக்குப் போட்டு, தனியாக நஷ்டம் எதையும் காட்டாமலே வென்றது. அன்று திறந்த கதவு நூறாண்டு கழித்து எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மெக்டொனால்ட்ஸ் வழக்கில் உலகம் பார்த்தது.

லண்டனில் ஒரு சிறு குழு, மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைக் குறைகூறித் துண்டறிக்கை கொடுத்தது. 1990-இல் கம்பெனி வழக்குப் போட்டது. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டு விலகிக்கொள்ள, ஹெலன் ஸ்டீல், டேவ் மோரிஸ் என்ற இருவர் மட்டும் மறுத்து நின்றார்கள். இருவரும் மிகக் குறைந்த வருமானக்காரர்கள். அவதூறு வழக்குக்கு அங்கே இலவசச் சட்ட உதவி கிடையாது. எதிரில் தேர்ந்த வழக்கறிஞர் படை. துண்டறிக்கையின் ஒவ்வொரு வரிக்கும் சான்று காட்ட வேண்டிய பொறுப்பு இந்த இருவருக்கு. 313 நாள் விசாரணை. 1997-இல் வந்த தீர்ப்பில் நீதிபதி பெல் சில கூற்றுகள் உண்மை என்று ஏற்றார்: விளம்பரத்தின் மூலம் குழந்தைகளைப் பயன்படுத்திக்கொள்கிறது, ஊழியர்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கிறது, சில விலங்குகள் கொடுமைக்குள்ளாவதற்குப் பொறுப்பாகிறது. மற்றவை நிரூபணமாகவில்லை என்று 60,000 பவுண்டு இழப்பீடு. மேல்முறையீட்டில் அது 40,000 ஆகக் குறைந்தது. 2005-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்த இருவருக்கும் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை, கருத்துரிமையும் மீறப்பட்டது என்று பிரிட்டன் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

இதே வழக்கை இரண்டாவது வகையில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். பொய் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். பொய் என்று தெரிந்தோ, மெய் பொய் பார்க்காமலோ எழுதினார்கள் என்று கம்பெனிதான் காட்ட வேண்டும். எத்தனை பவுண்டு நஷ்டம் என்று கம்பெனிதான் கணக்குக் கொடுக்க வேண்டும். அந்த இருவரும் ஏழு ஆண்டுகளைத் தொலைத்திருக்க மாட்டார்கள். பிரிட்டன் பிறகு விழித்துக்கொண்டது. 2013-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம், லாபநோக்கில் இயங்கும் நிறுவனம் வழக்குப் போட வேண்டுமானால் கடுமையான பண நஷ்டம் வந்ததாகவோ வரக்கூடும் என்றோ காட்டியாக வேண்டும் என்கிறது. நம் நாட்டில் அப்படி ஒரு திருத்தம் இன்னும் வரவில்லை. போதாக்குறைக்கு நம்மிடம் குற்றவியல் அவதூறும் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆகத் தொடர்கிறது. கம்பெனியின் மேல் சொல்லும் பழியும் அதற்குள் அடங்கும் என்ற விளக்கமும் கூடவே வந்திருக்கிறது. குறை சொன்ன வாடிக்கையாளர் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கக்கூடிய வழக்குக்காக வாய்தாவுக்கு வாய்தா வேறு ஊர் நீதிமன்றத்துக்கு அலைய நேரலாம்.

தீர்ப்பு வரும் நாள் தூரத்தில் இருப்பதால், நடைமுறையில் வழக்கின் உயிர் இடைக்காலத் தடையில்தான் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ், வழக்கு, எதிர்த்தரப்பைக் கேட்காமலே ஒரு தடை. பெரும்பாலான வழக்குகளில் நிறுவனம் நாடியது அத்தோடு கிடைத்துவிடுகிறது. 2024 பிப்ரவரியில் ப்ளூம்பெர்க் நிறுவனம் ஜீ தொலைக்காட்சி நிறுவனத்தின் கணக்குகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. மார்ச் முதல் தேதி டெல்லி விசாரணை நீதிமன்றம் அதை நீக்கச் சொன்னது. உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மார்ச் 22-இல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. விசாரணைக்கு முன்பே தடை கொடுப்பது அந்த எழுத்துக்கு மரண தண்டனை கொடுப்பதற்குச் சமம், எழுதியது முழுப் பொய் என்பது பளிச்சென்று தெரிந்தாலொழியக் கொடுக்கக் கூடாது என்றது. பணபலம் உள்ளவர்கள் பொதுப் பிரச்சினையில் வாயை அடைக்க வழக்கைக் கருவியாக்குவதையும் அந்த உத்தரவு பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. இந்த எச்சரிக்கையைக் கீழ் நீதிமன்றங்களில் ஒவ்வொரு தடை மனுவின்போதும் எடுத்துக்காட்டுவது நம் வழக்கறிஞர்களின் கடமை.

சரக்கை விமர்சிக்கும் காணொளிகள் இந்தக் கோட்பாடுகளை இன்று மறுபடி சோதிக்கின்றன. பாரசூட் தேங்காய் எண்ணெயை வேறொரு எண்ணெயோடு உறையவைத்து ஒப்பிட்டுக் காட்டிய யூடியூபர் ஒருவர்மீது மாரிகோ நிறுவனம் வழக்குப் போட்டது. 2020 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பொய், தீய எண்ணம், நஷ்டம் என்ற மூன்றையும் வரிசையாக எடுத்து ஆராய்ந்து, காணொளியை நீக்கச் சொன்னார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு, சில மாற்றங்களோடு அதை மீண்டும் வெளியிட இடம் கொடுத்தது. தனி நீதிபதி கேட்ட கேள்விகள் சரியானவை. ஆனால் சமையலறையில் ஒருவர் செய்துகாட்டிய சோதனையில் விஞ்ஞானக் குறை இருந்தது என்பதிலிருந்து தீய எண்ணத்துக்குத் தாவியது எனக்கு ஒப்பவில்லை. 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு வழியில் போனது. புரதப் பொடி ஒன்றை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, முடிவை வைத்துக் குறை சொன்ன யூடியூபர்களுக்கு எதிராக அதை விற்ற நிறுவனம் தடை கேட்டது. கையில் ஆய்வறிக்கையை வைத்துக்கொண்டு பேசுகிறவரை விசாரணைக்கு முன்பே தடுக்க முடியாது என்று அந்த மன்றம் மறுத்தது. வாங்கித் தின்கிற நம் எல்லோருக்காகவும் எழுதிய உத்தரவாகவே அதைப் படித்தேன்.

இதுவரை சொன்னதில் வாதியும் பிரதிவாதியும் அடையாளம் தெரிந்தவர்கள். பொய் ஒரு முழுத் தொழிலின் மேலேயே விழுந்தால்? 1989-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, ஆப்பிளுக்குத் தெளிக்கும் ஏலார் என்ற ரசாயனம் புற்றுநோய் வரவழைக்கும் என்று ஒளிபரப்பியது. ஆப்பிள் விலை சரிந்தது. வாஷிங்டன் மாநில விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒளிபரப்பில் சொன்னது பொய் என்று அவர்களால் காட்ட முடியவில்லை என்று 1995-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். அதன் எதிரொலியாகப் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள், அழுகும் உணவுப்பொருளைப் பழித்தால் வழக்குப் போடலாம் என்று தனிச் சட்டமே கொண்டுவந்தன. டெக்சாஸ் சட்டத்தின்கீழ் மாட்டுப்பண்ணை முதலாளிகள் ஓப்ரா வின்ஃப்ரேமீது வழக்குப் போட்டார்கள். பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் பற்றிப் பேச்சு எழுந்திருந்த 1996-இல், இனி பர்கர் சாப்பிடவே மனம் வராது என்கிற பொருளில் அவர் நிகழ்ச்சியில் சொன்னார். 1998-இல் மாட்டு வியாபாரம் நடக்கிற அமரில்லோ நகரிலேயே விசாரணை. அந்த ஊர் ஜூரர்களே வழக்கைத் தள்ளினார்கள். அப்படிப்பட்ட சட்டம் நமக்கு வேண்டாம். தோட்டத்தில் எந்த மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்பதற்கே பயம் வந்துவிடும்.

ஆனால் அந்த விவசாயிகளின் வேதனை பொய்யில்லை. 2020-இன் தொடக்கத்தில் கோழிக்கறியால் கொரோனா பரவுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தியில் நாமக்கல் பண்ணைகள் பட்ட பாட்டை நாம் கண்ணால் பார்த்தோம். முட்டை விலையும் கறிக்கோழி விலையும் அடியோடு விழுந்தன. தீவனம் போட முடியாமல் பண்ணையாளர்கள் தவித்தார்கள். யார்மேல் வழக்குப் போடுவது? வதந்தியில் எந்தப் பண்ணையின் பெயரும் இல்லை. தன்னைக் குறித்துச் சொன்னது என்று காட்டினால்தான் ஒருவர் வாதியாக முடியும்.

பெயர் இருந்தால் மட்டும் என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு சிறிய ஊரில் பேக்கரி வைத்திருந்தவர் என்னிடம் வந்தார். அவர் கடைக் கேக்கைத் தின்ற குழந்தைகள் வாந்தி எடுத்ததாகக் கடையின் போட்டோவோடு ஒரு செய்தி அந்த ஊர்க் குழுக்களில் சுற்றியது. அவர் கொண்டுவந்திருந்தது நீளவாட்டு நோட்டு ஒன்று. இடது பக்கம் தேதி, நடுவில் ரொட்டி, பன், கேக் என்று தனித்தனிப் பத்தி, வலது ஓரத்தில் அன்றைய கல்லாத் தொகை. செய்தி வந்த வாரத்தில் கேக் பத்தியில் வெறும் கோடுகள். அடுத்த வாரம் பன்னும் பாதியாகிவிட்டது. நீதிபதி போவன் கேட்ட சான்று அச்சாக அந்த நோட்டில் இருந்தது. அந்தக் கடைக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: "யார் மேல சார் கேஸ் போடறது? எனக்கு அனுப்பினவர் என் மச்சான். அவருக்கு அனுப்பினது அவங்க ஆபீஸ்ல யாரோ."

என்னால் சொல்ல முடிந்த வழிகளைச் சொன்னேன். எழுத்தில் வந்த அவதூறுக்கு ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், அது காலவரம்பு. நம் மாநிலத்தில் கேட்கிற தொகைக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய் நீதிமன்றக் கட்டணம். பத்து லட்சம் கேட்டால் முப்பதாயிரம் முன்பணம். உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுத்து அனுப்பினால், பகுப்பாய்வாளர் மாதிரி கைக்கு வந்த 14 நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். அந்தப் பதினான்கு நாள் ஒரு பேக்கரிக்கு எவ்வளவு நீளம் என்று அந்த நோட்டைப் பார்த்த எனக்குத் தெரியும். அவருக்கு வேண்டியிருந்தது இழப்பீடே இல்லை. 'இந்தக் கடையில் எடுத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது' என்று அதிகாரம் உள்ள ஒருவர் அதே வாரத்தில், அதே ஊரில், எல்லோரும் பார்க்கும்படி சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்கித் தரும் வழக்கு நம் சட்டத்தில் இல்லை.

ஆகவே இரண்டு மாற்றங்களை வற்புறுத்துகிறேன். லாபநோக்கில் நடக்கிற நிறுவனம் எந்தப் பெயரில் வழக்குப் போட்டாலும், தடை கேட்கும் முதல் நாளிலேயே நீதிமன்றம் அந்த மூன்று கேள்விகளையும் அதனிடம் கேட்க வேண்டும்: எது பொய், அதற்கு உன் சான்று என்ன? சொன்னவருக்குப் பொய் என்று தெரியும் என்பதை எதிலிருந்து காட்டுகிறாய்? நஷ்டக் கணக்கு எங்கே? இந்த மூன்றுக்கும் பிரமாண வாக்குமூலத்தில் பதில் இல்லாத மனுவை அன்றே தள்ள வேண்டும். புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1892 தீர்ப்பையும் 2024 உத்தரவையும் சேர்த்துப் படித்தாலே நீதிபதிகளுக்குப் போதிய இடம் இருக்கிறது.

இரண்டாவதற்குச் சட்டமன்றம் மனம் வைக்க வேண்டும். கடையின் பெயர் சொல்லிப் பரவும் உணவுப் புகார்களில் மாதிரியை முதல் நாளே எடுத்து, அறிக்கையைச் சில நாட்களுக்குள் மாவட்ட நிர்வாகமே வெளியிடும் கடமையை விதியாக எழுத வேண்டும். நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும் வெளியிட வேண்டும். மாவட்ட உரிமையியல் நீதிபதியிடம் குறைந்த கட்டணத்தில், இழப்பீடு கேட்காமல், 'இந்தக் கூற்று பொய்' என்ற அறிவிப்பை மட்டும் கேட்கும் மனு ஒன்றையும் அனுமதிக்க வேண்டும். பிரதிவாதி யாரென்று தெரியாவிட்டாலும் அந்த மனு செல்லுபடியாக வேண்டும். நாமக்கல் போன்ற இடத்தில் பண்ணையாளர் சங்கமே மனுதாரராக வரலாம். அந்த அறிவிப்பைச் செய்தி பரவிய மொழியிலேயே, கடை வாசலில் ஒட்டுகிற அளவுக்குச் சுருக்கமாக, நீதிமன்ற முத்திரையோடு கொடுக்க வேண்டும். இந்த மனுவுக்கான வரைவு விதிகளை இங்கே இருக்கிற மாணவர்களோடு உட்கார்ந்து எழுத ஆசைப்படுகிறேன். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.